ரெண்டு கொம்பு சாக்கெட்

உயிரே போனாலும் மாடி அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று போன தை மாசம் ஒரு முடிவெடுத்தேன். உயிர் அப்படியேதான் இருக்கிறது. அறைதான் போய்விட்டது. எப்படிப் போனது என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. தூத்துக்குடியில் பாதிப் பேர் ஏற்கெனவே சிரித்து முடித்தாயிற்று.

என் பெயர் வன்னியபெருமாள். முப்பது வருஷமாக நட்டு, போல்ட், பைப்பு வியாபாரம். ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டே அது எந்த மரைக்குச் சேரும் என்று சொல்லிவிடுவேன். கடையில் எனக்கு அப்படி ஒரு பேர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தப் பேரையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே சந்தனச்செல்வி இருக்கிறாள். என் மனைவி.

கீழே ஹால் அவளுக்கு. டிவி அவளுக்கு. ஃப்ரிட்ஜுக்குள் எது எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்ற சட்டமும் அவளுடையது. எனக்கு மிச்சம் மாடியில் ஒரே ஓர் அறை. ஒரு ஃபேன், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடி. அங்கே போய் உட்கார்ந்தால் யாரும் என்னை "ஏங்க" என்று கூப்பிடமாட்டார்கள். கூப்பிடுவார்கள், எனக்குக் கேட்காது. அதுதான் சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்தின் மேல் சந்தனச்செல்விக்குக் கண் விழுந்தது.

"ஏங்க, மாடி ரூமு சும்மாதான கெடக்கு? ஆரி ஒர்க் கிளாஸ் ஆரம்பிக்கலாம்னு பாக்கேன்."

"சும்மாவா? நான் இருக்கேம்லா!"

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

இதற்கு மேல் என்ன பேச? யோசித்தேன். அறை காலியாக இருப்பதால்தானே கேட்கிறாள்? அசைக்க முடியாத ஒரு சாமானைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டால்? மறுநாளே பழைய கப்பல் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். உடைத்த கப்பலிலிருந்து வந்த வயர்லெஸ் ரிசீவர் ஒன்று கிடந்தது. ரெண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். கண்டதும் கும்பிடத் தோன்றியது. விலை என்ன என்று இங்கே சொல்லமாட்டேன், அவள் இதைப் படிப்பாள்.

லோடு ஆட்டோ வந்து வாசலில் நின்றது.

"என்னதுங்க இது, இரும்புப் பெட்டி?"

"கப்பல்ல இருந்த வயர்லெஸ் செட்டுளா! உலகத்துல எந்த மூலையில பேசினாலும் இதுல கேக்கும்."

"நாம பேசினா அவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காது. இது ரிசீவர். கேக்க மட்டும்தான் செய்யும், பேசாது."

"அப்படி ஒண்ணு வீட்டுல ஏற்கெனவே இருக்கே. இன்னொண்ணு எதுக்கு?"

செட்டைத் தூக்கிக்கொண்டு போன ஆட்கள் பின்னாலேயே மாடிக்கு ஓடினேன். கீழே அவள் ஆட்டோக்காரனிடம் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னையும் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். மாடியில் எனக்கு எதுவும் கேட்காது என்று முன்னமே சொன்னேன் அல்லவா?

கரண்ட் கொடுத்ததும் செட்டில் விளக்கு எரிந்தது. முள் ஆடியது. ஆனால் குரல் வரவில்லை. ஆன்டெனா மாட்டினால்தானே வரும்? பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அங்கேதான் என் கெட்ட காலம் உட்கார்ந்திருந்தது. ஆன்டெனா மாட்டுகிற சாக்கெட். பித்தளை. உருண்டை. நடுவில் ஓட்டை. ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி சின்னதாக ஒவ்வொரு முனை. மரையே கிடையாது. மரை இல்லாத ஒன்றைப் பார்த்து என் முப்பது வருஷ வியாபாரம் விழி பிதுங்கி நின்றது.

கேபிள் டிவி பின்னை மாட்டிப் பார்த்தேன். உள்ளே விழுந்து ஆடியது. டிஷ் பின் சேரவில்லை. சிசிடிவி கேமராவுக்குப் போடுகிற பின்னிலும் ரெண்டு கொம்புக்குப் பள்ளம் இருக்கிறது, ஆனால் பொடிசு. கடையிலிருந்து வெர்னியர் கொண்டுவந்து அளந்தேன். போட்டோ எடுத்து அஞ்சு வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஒருத்தர் சைக்கிள் பம்ப்பு வால்வு என்றார். பக்கத்து ஊர் நாசரேத்தில் இருக்கிற என் மச்சினன் கேஸ் அடுப்புச் சாமான் என்று அடித்துச் சொன்னான். மூன்று பேர் குட்மார்னிங் போட்டார்கள்.

நான் தரையில் குப்புறப் படுத்து வெர்னியரோடு மல்லுக்கட்டும்போது சந்தனச்செல்வி காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். சாக்கெட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுக்கு மாட்டுறது கெடைக்கலையா?"

"நீ பாத்துச் சொல்லிருவியாக்கும்? போளா, போய் மீனப் பாரு."

போனாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அப்பவே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே இன்னொரு இம்சை. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற இரும்புக் கம்பி அறுந்து விழுந்தது. எங்க ஊர் உப்புக்காற்றில் கம்பி கட்டினால் மூணு மாசத்தில் துரு. என் வெள்ளை வேட்டியெல்லாம் நடுவில் செங்கோடு விழுந்திருக்கும். நைலான் கயிறு வெயிலில் நார் நாராய் உரியும். எங்கிருந்தோ கறுப்பாக, தடியாக ஒரு கொடியை எடுத்துவந்து என்னை ஸ்டூல் மேல் ஏற்றினாள் சந்தனச்செல்வி.

"இறுக்கிக் கட்டுங்க. மிச்சத்த அறுக்க வேண்டாம், அந்தால சுருட்டி வைங்க."

கட்டினேன். சுருட்டினேன். கை அங்கே, நினைப்பெல்லாம் ரெண்டு கொம்பில்.

கடைசியில் கிளாட்வினைப் பிடித்தேன். என் கூடப் படித்தவன். கப்பலில் இருபது வருஷம் ரேடியோ ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவன். போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான்.

"ஏலே, இது சி டைப்புலே. பழைய செட்டுல வரும். கேமரா பின் மாதிரியே அமுக்கித் திருப்பணும், ஆனா அதவிடப் பெருசு. இப்ப ஒரு பயலும் வச்சிருக்க மாட்டான். ஓட்டைக்குள்ள ஒரு வயரச் சொருவு, ஏதாவது கேக்கும்."

"சொருவவா? முப்பது வருஷமா சரியான நட்டுக்குச் சரியான போல்ட் குடுத்தவன்லே நான்!"

பக்கத்து மொபைல் கடையில் சி டைப் கேட்டேன். "ஃபாஸ்ட் சார்ஜிங்கா அண்ணாச்சி, சாதாவா?" என்றான். வெளியே வந்துவிட்டேன். சென்னையில் இந்த மாதிரி சாமான் விற்கிற ஒருத்தர் நம்பரைக் கிளாட்வின் கொடுத்தான். சாக்கெட் போட்டோவை அனுப்பி, "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று எழுதினேன். இருக்கு, சனிக்கிழமை கூரியரில் வந்துவிடும் என்று பதில் வந்தது.

என் ஆட்டம் ஆரம்பமானது அப்போதுதான். வியாழக்கிழமை அவளே வந்து மாட்டினாள்.

"கிளாஸுக்குப் பதினோரு பேரு சேந்தாச்சு. ஒங்க பெட்டி பேசவும் இல்ல, நகரவும் இல்ல."

"ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆறு மணி. அதுக்குள்ள அது பேசலன்னா ரூமு ஒனக்கு. பேசிட்டுன்னா ஜென்மத்துக்கும் நீ ரூமப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. சாஸ்தா மேல சூடம் அணைப்போமா?"

எங்கள் குலசாமி சாஸ்தா. அவர் பேரைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் முடிந்தது. பேச்சு மாற முடியாது. என் சித்தப்பா பொன்னுதுரை ஒரு கோபத்தில் "இனி மீன் தொடமாட்டேன்" என்று சூடம் அணைத்துவிட்டு, இருபது வருஷமாகத் தூத்துக்குடியில் புடலங்காய் தின்றுகொண்டிருக்கிறார். அப்பேர்ப்பட்ட சத்தியத்துக்கு இவளை இழுத்துவிட்டேனே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

"சரி" என்றாள். "ஆனா ஒண்ணு. மனுசக் குரல் கேக்கணும். கொர்ருன்னு எரைஞ்சா செல்லாது. அப்புறம், யாரு பேச வைக்காங்களோ அவங்களுக்குத்தான் ரூமு."

"யாரு பேச வச்சாலுமா?"

"யாரு வச்சாலும். கிளாட்வின் அண்ணன் வச்சா அவருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தேன். சூடம் ஏற்றினாள். நான்தான் முதலில் அடித்து அணைத்தேன். கை கொப்பளித்தது. சந்தோஷத்தில் அதுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை கூரியர் வந்தது. பிரிக்கவில்லை. சாட்சியோடு பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். இந்த அகங்காரத்துக்கு என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

ஞாயிறு அஞ்சரை மணிக்குக் கிளாட்வின் வந்தான். சந்தனச்செல்வி சுவரில் சாய்ந்து நின்றாள். நான் பார்சலைப் பிரித்தேன். பித்தளை. உருண்டை. நடுவில் ஓட்டை. ரெண்டு பக்கமும் ரெண்டு கொம்பு.

"ஏலே" என்றான் கிளாட்வின், "இதுவும் சாக்கெட்டுலா?"

சாக்கெட்டுக்கு மாட்டுகிற பின் வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. சாக்கெட் போட்டோவை அனுப்பி இதே மாதிரி வேணும் என்றேன். இதே மாதிரி வந்துவிட்டது. அந்த மனுஷன் மேல் என்ன தப்பு? ஒரு சாக்கெட்டை இன்னொரு சாக்கெட்டோடு முட்ட வைத்துப் பார்த்தேன். ரெண்டு வாயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு திறந்திருந்தன. என் வாயோடு சேர்த்து மூன்று.

மானத்தை விட்டு ஓட்டைக்குள் வயரைச் சொருகினேன். கொர்ர்ர் என்றது. கழன்று விழுந்தது. திரும்பச் சொருகினேன். திரும்பக் கொர்ர்ர். அஞ்சு அம்பது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாஸ்தாவே, ஒரே ஒரு மனுசக் குரல், எந்தப் பாஷையானாலும் பரவாயில்லை என்று வேண்டினேன்.

"நான் போய்த் துணிய எடுத்துட்டு வாரேன்" என்று சந்தனச்செல்வி மொட்டைமாடிக்குப் போனாள். எப்பேர்ப்பட்ட நேரத்தில் துணி எடுக்கிறாள் பாருங்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

ஜன்னல் வழியாகக் கறுப்பாக ஒன்று உள்ளே வந்தது. துணிக்கொடி. நான் சுருட்டி வைத்த மிச்சம். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் கவர், மேலே ரப்பர்பேண்ட். பின்னாலேயே அவளும் வந்தாள். ரப்பர்பேண்டைக் கழற்றி மறக்காமல் வளையல் மாதிரிக் கையில் மாட்டிக்கொண்டாள். கவரை உருவினாள். உள்ளே பித்தளையில் பளபளவென்று ஒரு பின். ரெண்டு கொம்புக்கு ரெண்டு பள்ளம்.

செட்டின் பின்னால் போனாள். அமுக்கினாள். திருப்பினாள். டக்.

கிளாட்வின் ஒரு குமிழைத் திருகினான். ஒரு பொம்பளையின் குரல் கணீரென்று வந்தது. சீனாவோ ஜப்பானோ, மூச்சு விடாமல் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டேன். மணி அஞ்சு அம்பத்தெட்டு.

"இது ஏதுளா?"

"செட்டோட வந்தது. ஆட்டோவுலயே கெடந்துச்சு. 'ஏங்க, ஒரு வயரும் கெடக்கு'ன்னு அன்னைக்கே கூப்பிட்டுச் சொன்னேன். நீங்கதான் திரும்பிப் பாக்கல."

"இதுதான் அதுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க குப்புறப் படுத்து அளந்தியள்லா, அன்னைக்கு."

"அப்பவே சொல்லிருக்கலாம்லா!"

"மீனப் பாக்கப் போன்னு சொன்னிய. போயிட்டேன்."

மூணு வாரம். மூணு வாரமாக என் வேட்டியும் பனியனும் அதில்தான் காய்ந்திருக்கின்றன. முடிச்சுப் போட்டவன் நான். என் கையாலேயே என் அறையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்! கிளாட்வினைப் பார்த்தேன். அவன் எப்பவோ அவள் கட்சிக்கு மாறி, "தங்கச்சிக்கு நல்ல மூளை" என்று காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"செட்டாவது என்னோடதுதான?" என்று கேட்டேன்.

"ரூமுக்குள்ள இருக்கது ரூமோட சேந்தது. சும்மா இருந்தாலே ரூமு எனக்குத்தான், ஆனா பெட்டி பேசினா பிள்ளைகளுக்குத் தைக்கும்போது பாட்டுக் கேக்க ஆவும்."

இப்போது தினம் மாலை பதினோரு பெண்கள் என் அறையில், என் ஃபேனுக்கடியில், என் செட்டில் பாட்டுக் கேட்டபடி ஆரி ஊசி போடுகிறார்கள். கீழே ஹாலில் டிவி சும்மாதான் இருக்கிறது, ரிமோட்டை அவள் மாடிக்குக் கொண்டுபோய்விடுகிறாள். அதனால் நான் மொட்டைமாடியில் நிற்கிறேன். நேற்றும் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பாட்டு வெட்டி வெட்டிக் கேக்கு. அந்த வயர அவுத்துக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

பிடித்தேன்.

"இன்னும் மேல. ஆங், அங்கனயே. அசையாதீங்க. கை வலிக்கா?"

அன்பாகத்தான் கேட்டாள். என் கண் கலங்கிவிட்டது. "இல்லளா" என்றேன்.

"அப்ப அந்த வாளியில இருக்க ஈரத்துண்டையும் தோள்ல விரிச்சுப் போட்டுக்கிடுங்க. கொடி இல்லாம காயாமக் கெடக்கு."