நாலு டயரும் காலாப்பட்டு சுப்பிரமணியனும்

மனைவியை ஏமாற்றுவது என்று ஆதிமூலம் முடிவெடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் முயற்சி. அதுவரை அவருக்கு ஏமாந்துதான் பழக்கம்.

விஷயம் வீட்டுப் பக்கச் சந்தில், தார்ப்பாய்க்குக் கீழே நின்றிருந்தது. கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு பழைய தோட்ட டிராக்டர். ஒயிட் டவுனில் ஒரு பிரெஞ்சுக்காரம்மா வீட்டில் அவருடைய ஒரே மகன் அருள்முருகன் தோட்ட வேலை பார்த்தான். அந்த அம்மா ஊருக்குத் திரும்பும்போது வண்டியை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அருள் எஞ்சினைப் பிரித்து மாட்டி ஓட வைத்துவிட்டான். டயர்கள்தான் நாலும் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தன. "டயர் மாத்திட்டா வாடகைக்கு ஓட்டலாம்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போன ஆவணியில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

வண்டி மட்டும் நின்றது. கமலவேணி காலையில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கி, சீட்டை முந்தானையால் துடைத்துவிட்டுப் போவாள். கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாக ஆதிமூலம் அதைப் பார்ப்பார். இது இங்கே இருக்கிறவரைக்கும் இவள் தேறமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. தான் திடமாக இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. வேலை பார்த்த மில்லை மூடியபோதுகூட சவரத்தை விடாத அந்தத் திடசாலிக்கு இப்போது நெஞ்சுவரை தாடி. கட்டிலைவிட்டு இறங்குவது சோற்றுக்கு மட்டும்தான். பல நாள் அதற்கும் இல்லை.

வண்டியைக் கண்காணாத இடத்துக்கு விற்றுவிட வேண்டும். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று வேணியிடம் சொல்லிவிடலாம். நாளாக ஆக மறந்துவிடுவாள். இதுதான் திட்டம். எதிர்வீட்டு முருகையனிடம் மட்டும் சொல்லிவைத்தார். முருகையன் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அடுத்த வாரமே போன் வந்தது.

"ஐயா, காலாப்பட்டுலேர்ந்து சுப்பிரமணியன் பேசறேன். சின்ன டிராக்டரு ஒண்ணு விக்கறீங்களாமே. நம்ம தென்னந்தோப்புக்கு வேணும்."

"வந்து எடுத்துக்குங்க."

"டயர் செத்துப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். உருண்டாத்தானே மினி லாரில ஏத்த முடியும்? நாலும் புதுசா போட்டு வையுங்க. நான் எடுத்துக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. ஆதிமூலம் சமையல்கட்டு வாசலில் போய் நின்றார்.

"வேணி, அருளு வண்டிக்கு டயர் போடலாம்னு பாக்கறேன்."

"போட்டு?"

"சும்மாதானே நிக்குது. ஓட்டலாம்."

"யாரு, நீங்களா? சைக்கிள்லயே வலது பக்கம் திரும்பணும்னா எறங்கித் தள்ளுவீங்க."

"கத்துக்கறேன்."

கமலவேணி அரிசியைக் களைந்து முடித்தாள். பிறகு சொன்னாள். "மொதல்ல அந்தத் தாடிய எடுங்க. சாமியாரு கேட்டா கடைக்காரன் பழசத்தான் குடுப்பான்."

தாடி போனது. டயர் கடைக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இன்னா சைஸுன்னு கேக்கறான்."

"டயருமேலயே எழுதியிருக்குமே."

"எல்லாம் மண்ணு மூடிக் கெடக்குது."

"தேங்காநார எடுத்துக்கினு போய்த் தேய்ங்க."

அருள் போனபிறகு அவர் அந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பின்சக்கரத்தைத் தேய்த்து சைஸ் எண்ணைக் கண்டுபிடித்தார். முன்சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பார்த்தால், எண்ணைச் சுற்றிச் சாக்பீஸில் ஒரு வட்டம் ஏற்கனவே போட்டிருந்தது. அருளுடைய வேலை. அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் எழுந்தார்.

முன்பக்கம் பிரச்சினை இல்லை. ஆட்டோவுக்குப் போடுகிற டயரே சேர்ந்தது. பின்பக்கம்தான் படுத்தியது. பவர் டில்லர் டயர் என்றால் சேரும் என்றார்கள். பவர் டில்லர் எங்கே இருக்கிறது என்றால் வயல் இருக்கிற இடத்தில் என்றார்கள். அவர்கள் குடியிருந்த முத்தியால்பேட்டையில் ஏது வயல்? நெல்லித்தோப்பு, வில்லியனூர், திருக்கனூர் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். ஒரு கடையில் அகலம் சரி, உயரம் தவறு. இன்னொரு கடையில் எல்லாம் சரி, ஆனால் ஒரே ஒரு டயர். வெயிலில் கறுத்து, வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே சாய்வார். ரசத்தைக்கூட இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"டயர் வாங்கப் போனவரு டயர்டாத்தான் வரீங்க" என்றாள் கமலவேணி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார். பிள்ளை போன வீட்டில் சிரித்துவிட்டோமே என்று அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் திருக்கனூரில் ஜோடி கிடைத்தது. ஆனால் ரிம்மில் துரு.

"காத்து நிக்காதாம் வேணி. உள்ள டியூபு போடணும்ங்கறான்."

"இன்னொரு டியூபா? வூட்டுல ஏற்கனவே ஒரு டியூப்லைட்டு இருக்குது."

"யாரச் சொல்ற?"

"பாத்தீங்களா, இன்னும் எரியல."

லீவரை வாடகைக்கு எடுத்துவந்து, பழைய டயர்களைக் கழற்ற ஒரு பகல் போனது. புதுசின் விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தடவி, இவர் லீவரை நெம்ப, அந்தப் பக்கம் நழுவாமல் அவள் டயர்மேல் ஏறி நின்றாள். ஒரு தடவை லீவர் எகிறி, டியூபைக் கடித்து, ஓட்டை போட்டது. பஞ்சர் ஒட்டி மறுபடி ஏற்றினார்கள். நாலும் மாட்டியாயிற்று என்று அவர் நிமிர்ந்தபோது கமலவேணி தள்ளி நின்று பார்த்தாள்.

"இன்னாங்க, பின்னாடி ரெண்டு டயருலயும் மேல இருக்கற பட்டன் கட்டைங்க ஒரே பக்கம் பாக்கலியே."

"அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்."

"ஒண்ணு காலாப்பட்டுக்குப் போவுது, ஒண்ணு கடலூருக்குப் போவுது."

ஒரு டயர் திசை மாறித்தான் இருந்தது. திரும்பக் கழற்றி, திருப்பி மாட்டினார். காலாப்பட்டு என்று அவள் எதற்குச் சொன்னாள் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. படுத்தவர் விடிகிறவரைக்கும் புரளவில்லை.

சுப்பிரமணியனுக்குப் போன் போட்டார். லாரி கிடைக்கவில்லை என்றான். அப்புறம் மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றான். அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆதிமூலம் பஸ் ஏறி, காலாப்பட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு கடலோரத்துக் குப்பத்துக்குப் போனார். ஆள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு ஹாஸ்டலில் சமையல்காரனாம்.

"தோப்பு எங்க தம்பி?"

சுப்பிரமணியன் தலையைச் சொறிந்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தென்னை தெரிந்தது.

"அதுதாண்ணே. அதுவும் பக்கத்து வூட்டுக்காரருது."

"அப்ப டிராக்டரு?"

"கோச்சுக்காதீங்கண்ணே. வேணி அக்காவும் எங்க வூட்டுக்காரியும் ஒண்ணா படிச்சவங்க. வண்டிய விக்கப் பாக்கறீங்கன்னு முருகையன் சம்சாரம் அக்காகிட்ட சொல்லிட்டாங்களாம். அக்காதான் இப்படிப் பேசச் சொல்லிச்சு."

"எதுக்கு?"

"செவத்தப் பாத்துப் படுத்தவரு எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு, வெச்ச சோறு வெச்ச மாதிரியே இருக்குது, புள்ளையும் போயி இவரும் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்னு போன்ல ஒரே அழுகைண்ணே. டயரத் தேடியாவது நாலு எடம் நடக்கட்டும்னாங்க. அக்கா ரெண்டு டயருதான் சொன்னாங்க. நான்தான் இருக்கட்டும்னு நாலாக்கிட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை ஊர், எத்தனை கடை, எவ்வளவு வெயில். போனதும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கினார். ஏமாற்றக் கிளம்பியவரே தாம்தான் என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது. அடுக்கியது சரிந்தது. வேணி அழுது அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் காலாப்பட்டுவரைக்கும் போன் போட்டு அழுதிருக்கிறாள். ஒரே வீட்டில் கட்டிலில் கிடந்தவரிடம் அழ முடியாமல். அவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். இறங்கும் இடம் வந்ததும் கண்டக்டர்தான் தோளைத் தொட்டு எழுப்பினார். அவர் தூங்கியிருக்கவில்லை.

கமலவேணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"காலாப்பட்டு."

அவள் கை நின்றது. பிறகு அடுத்த மீனை எடுத்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆதிமூலம் எதிரில் உட்கார்ந்தார். தானும் ஒரு மீனை எடுத்து, தலையைக் கிள்ளினார்.

அவள்தான் ஆரம்பித்தாள். "டயரெல்லாம் காலாப்பட்டுக்காரருக்குத் திருப்திதானாம். பேட்டரியும் புதுசா இருந்தாத்தான் எடுப்பாராம்."

ஆதிமூலம் அவளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்.

"எத்தினி வோல்ட்டு?"