தையல் டீச்சரின் கத்தரிக்கோலும் நாட்டு நடப்பும்

கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, இரண்டு சாட்சிகளை நிற்கவைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, இதில் ஓர் எழுத்து மாறாது. மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் 'நாளிதழ் வழி நற்கல்வி'யைக் கண்டுபிடித்தான். இடையில் வந்த மின்சாரம், தடுப்பூசி போன்றவை பொழுதுபோக்கு வகையைச் சேர்ந்தவை.

திட்டத்தைப் பற்றிய சுற்றறிக்கை கல்வி அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் இரண்டே வாக்கியங்கள். "மாணவர்கள் நாளிதழ் வாசித்து எழுத்தறிவும் வரலாற்றறிவும் குடிமையறிவும் பெற்று, நாட்டு நடப்பை முழுமையாக அறிதல் வேண்டும். தகாதவற்றை அறிதல் கூடாது."

முதல் வாக்கியத்தை எழுதியவரும் இரண்டாவதை எழுதியவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க முடியாது என்று குடிமையியல் டீச்சருக்குத் தோன்றியது. தோன்றியதை அவர் சொல்லவில்லை. தற்காலிக ஆசிரியர்களுக்கு எது வேண்டுமானாலும் தோன்றலாம். சொல்வது நிரந்தரமானவர்களுக்கு மட்டும் உள்ள சலுகை. அவர் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தபோது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், இப்போது தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அதே பள்ளியில் சேர்க்கிறார்கள். டீச்சரின் தற்காலிகம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஆசிரியர் அறையில் கூட்டம் கூடியது. தலைமையாசிரியர் சுற்றறிக்கையை நின்றபடியே வாசித்தார். நல்ல செய்திகளை அவர் உட்கார்ந்து வாசிப்பதில்லை.

"டீச்சர், இந்தத் திட்டம் இனிமே உங்க பொறுப்பு. மாசக் கடைசியில ஆய்வாளர் வர்றார். உங்க வகுப்பைப் பார்த்து அவர் தலையாட்டிட்டார்னா, உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதுறேன்."

"தலையாட்டலைன்னா சார்?"

"அப்பவும் எழுதுவேன். வேற மாதிரி எழுதுவேன்."

தகாதவற்றை நீக்குவதற்கு 'தகவுக் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர், தலைமையாசிரியர். உறுப்பினர், தையல் டீச்சர். உலக விவகாரங்களில் தையல் டீச்சருக்கு இருந்த ஆழ்ந்த புலமைக்காக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் மழுங்காத கத்தரிக்கோல் அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

"இது துணி வெட்டுற கத்தரி சார். காகிதம் வெட்டினா முனை போயிடும்."

"நாட்டுக்காகப் போகட்டும்மா."

"நாடு சாணை பிடிச்சுக் குடுக்குமா சார்?"

இந்தக் கேள்வி கூட்ட நடவடிக்கைகளில் சேர்க்கப்படவில்லை.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே குழு வேலையில் இறங்கியது. தலைமையாசிரியர் தலைப்புகளை வாசிக்க, தையல் டீச்சர் கத்தரியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பட்டப்பகலில் கொலை."

"சொல்லணுமா சார்? வெட்டியாச்சு."

"ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். வெட்டுங்க, பசங்களுக்கு யோசனை வந்துடும். கோர்ட்டுல தீர்ப்பு... தீர்ப்புன்னா அதுக்கு முன்னாடி ஏதோ தப்பு நடந்திருக்கணும். வெட்டுங்க. காய்கறி விலை... ஐயோ, வீட்ல போய் அப்பாவோட சம்பளத்தைக் கேப்பாங்க. வெட்டுங்க."

"நம்ம அணி தோத்துப்போச்சு சார்."

"வெட்டி எடுத்து வைங்க. ஜெயிக்கும்போது பார்த்துக்கலாம்."

"வானிலை சார்? அதுல என்ன இருக்கு பாவம்?"

"நேத்து மழை வரும்னு போட்டான். வந்துச்சா? பொய் சொல்லக் கூடாதுன்னு வகுப்புக்கு வகுப்பு சொல்லிக் குடுத்துட்டு, நாமளே பொய்யை வாங்கிப் போடலாமா?"

முதல் பக்கத்தில் தேதியும் பத்திரிகையின் பெயரும் ஒரு ஜவுளிக்கடை விளம்பரமும் மட்டும் முழுதாக மிஞ்சின. விளம்பரத்தில் இருந்த பெண்ணின் ரவிக்கைக் கழுத்து நன்றாக இருக்கிறது என்று தையல் டீச்சர் அதற்கு உயிர்ப்பிச்சை கொடுத்திருந்தார்.

குடிமையியல் டீச்சர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "சார், கொலைக்குப் பின்பக்கம் மரம் நடு விழா இருந்துச்சு. பாதி மந்திரியும் பாதி மரமும் போயிடுச்சு."

குழு திகைத்துப்போனது. காகிதத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் சொல்லப்படவில்லை.

"துணின்னா உள்பக்கம், வெளிப்பக்கம் பார்த்து வெட்டுவேன்" என்றார் தையல் டீச்சர், மனம் நொந்து. "இதுல ரெண்டுமே வெளிப்பக்கமால்ல இருக்கு!"

அச்சுத் தொழிலின் பொறுப்பின்மையைக் கண்டித்துக் குழு தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் தையல் டீச்சர் செய்த இன்னொரு காரியத்தைக் குழு கவனிக்கவே இல்லை. எதை வெட்டினாலும் ஓரத்தில் தையலுக்கு இரண்டு விரல் துணி விட்டு வெட்டுவது அவருடைய தொழில் பழக்கம். கை அதுவாகவே விட்டுவிடும். ஆகவே கொலையானாலும் கொள்ளையானாலும் ஒவ்வொரு செய்தியிலும் முதல் வரி தப்பிப் பிழைத்தது. நடுவில் ஓட்டை. ஓட்டையின் வழியே அடுத்த தாளில் இருந்த வரி கள்ளம் கபடமின்றி எட்டிப் பார்த்தது.

வகுப்பில் குடிமையியல் டீச்சர் பத்திரிகையை விரித்துப் பிடித்தபோது அவருடைய மூக்கு முதல் பக்கத்தில் வெளியானது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கல்வித் துறையில் இவ்வளவு உற்சாகமான தொடக்கம் அதற்கு முன் பதிவானதில்லை.

'வாயாடி' என்று பள்ளி முழுக்கப் பெயர் வாங்கியிருந்த சிறுமி எழுந்து நின்று, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "'கூட்டுறவு வங்கியின் பூட்டை உடைத்து நகைகளை அள்ளிச் சென்ற நால்வருக்கு...' ஓட்டை டீச்சர்."

"ஓட்டையை விட்டுட்டுத் தெரியறதைப் படி."

"'...கலெக்டர் கேடயம் வழங்கிப் பாராட்டினார்.'"

வகுப்பு மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

"'புதிய பாலத்தில் விரிசல் விழுந்ததை அடுத்து ஒப்பந்தக்காரர்...' ஓட்டை... '...மூன்றாவது முறையாகச் சாம்பியன் பட்டம் வென்றார்.' டீச்சர், இது வரலாறா, குடிமையியலா?"

டீச்சர் யோசித்தார். உண்மையிலேயே தெரியவில்லை. கரும்பலகையில் இரண்டையும் எழுதிப்போட்டார்.

"நடுவுல என்ன டீச்சர் இருந்துச்சு?"

"ஒன்னுமில்லம்மா."

"ஒன்னுமில்லாததையா இவ்ளோ சிரமப்பட்டு வெட்டினாங்க?"

அன்று சாயங்காலம் கல்வி உலகின் அந்த மகத்தான அற்புதம் நிகழ்ந்தது. அதை டீச்சருக்கு முதலில் அறிவித்தவர் அவருடைய கணவர். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருப்பவர். வாடிக்கையாளருக்காகத் தினமும் பத்திரிகை வாங்கிப் போடுபவர். அதில் கத்தரி படாது. அவருடைய கத்தரிக்கு வேறு வேலை இருந்தது.

"உன் வகுப்பு மொத்தமும் என் பெஞ்சுலதான் உக்காந்திருக்கு" என்றார் சட்டையைக் கழற்றிக்கொண்டே. "ஒருத்தன் தலையிலயும் வெட்டறதுக்கு முடி இல்ல. முடி இருக்கிறவங்க வெளிய நிக்கிறாங்க."

"விரட்டிவிட வேண்டியதுதானேங்க?"

"விரட்டினா, பேப்பரைக் குடுங்க, வாசல்ல நின்னு படிக்கிறோம்ங்கிறாங்க. உன் வாயாடி இருக்காளே, முகத்துல சோப்பு போட்டு உக்காந்திருந்த மனுஷன் கையிலேர்ந்து பேப்பரைப் பிடுங்கிட்டா. 'கண்ணை மூடிட்டுத்தானே மாமா இருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு?'ங்கிறா."

"எதைப் படிக்கிறா?" டீச்சர் ஆர்வத்தை மறைத்துக்கொண்டு கேட்டார்.

"வெட்டினதை மட்டும்தான். ஓட்டையை உள்ளங்கையால அளந்துட்டு வர்றா. இங்க வந்து கையை வெச்சு, அந்த இடத்தை மட்டும் படிச்சுட்டுப் போறா. மீதியில ஒன்னும் இருக்காதாம். இருந்திருந்தா வெட்டியிருப்பாங்களாம்."

டீச்சர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆய்வாளருக்குத் தெரிஞ்சா என் வேலை என்னங்க ஆகும்?"

"என்ன ஆகும், தற்காலிகமாப் போகும்" என்றார் கணவர். அன்று அவருக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

மாதக் கடைசிக்குள் அந்த வகுப்பு கண்ட வளர்ச்சியைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எழுத்துக் கூட்டத் திணறியவர்கள் தீர்ப்புகளை மூச்சு விடாமல் வாசித்தார்கள். மளிகைக்கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தால், பாதி வழியிலேயே பருப்பைப் பையில் கொட்டிக்கொண்டு காகிதத்தை வாசித்தார்கள். குழு எவ்வளவு ஊக்கமாக வெட்டியதோ அவ்வளவு ஊக்கமாக எழுத்தறிவு வளர்ந்தது. இதற்கான பெருமை முழுவதும் தகவுக் குழுவையே சேரும்.

ஆய்வாளர் வரும் நாளுக்காகத் தலைமையாசிரியர் வகுப்பைத் தாமே தயார் செய்தார். கேள்வி ஒன்றுதான்: நேற்று நாட்டில் என்ன நடந்தது? பதிலும் ஒன்றுதான்.

ஆய்வாளர் வந்தார். நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்தார். "பிள்ளைங்களா, நேத்து நாட்டுல என்ன நடந்துச்சு?"

"ஒன்றும் நடக்கவில்லை ஐயா!"

ஆய்வாளரின் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. டீச்சர் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் ஆட்டு ஆட்டினால் போதும். ஆனால் மகிழ்ச்சி மிகுந்த அதிகாரிகள் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். இவர் மேசையில் கிடந்த வகுப்புப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இந்த ஓட்டையில என்ன இருந்துச்சு?"

வாயாடி எழுந்தாள். ஆலை மூடப்பட்டதை 'நமது நிருபர்' என்பது வரை விடாமல் ஒப்பித்தாள். அவள் உட்காருவதற்குள் பக்கத்துப் பிள்ளை வெங்காய விலையைச் சொன்னது. கடைசி பெஞ்சு, கோர்ட்டுத் தீர்ப்பைச் சட்டப் பிரிவோடு சொன்னது. டீச்சருக்கு நெஞ்சு பெருமையில் விம்மியது. ஆனால் ஆய்வாளரின் தலை ஆடுவதை நிறுத்திவிட்டிருந்தது.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

உண்மை பேச வேண்டும் என்று குடிமையியல் பாடத்தில் படித்த வகுப்பு ஒரே குரலில் சொன்னது. "டீச்சர் வீட்டுக்காரர் கடையில ஐயா!"

தலைமையாசிரியர், நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தார்.

"சார்" என்றார் டீச்சர், வருவது வரட்டும் என்று. "போன மாசம் இந்தப் பிள்ளைங்களுக்குத் தலைப்புகூடப் படிக்கத் தெரியாது."

"இப்ப?"

"எல்லாம் தெரியும் சார்."

"அதைத்தான் நானும் பார்க்கிறேன்" என்றார் ஆய்வாளர். கள ஆய்வுக்காக நேரே சலூனுக்குப் போனார். டீச்சரும் பின்னாலேயே ஓடினார்.

கணவர் ஆய்வாளரை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, கையில் பத்திரிகையைக் கொடுத்தார். விரித்த ஆய்வாளர் திடுக்கிட்டார்.

"என்னப்பா, இதுல ஓட்டையே இல்ல?"

"ஓட்டை இருந்தா நான் காசு குடுப்பனா சார்?"

"எங்க ஆபீசுக்கு வெட்டித்தான் வரும். மேலிடத்துல வெட்டுவாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெங்காயம் நெஜமாவே இந்த விலையா?"

முடிவெட்டு முடிந்தது. முகச்சவரம் முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. விளம்பரம் உட்பட வாசித்தார். வாசலில் நின்ற டீச்சருக்கு நம்பிக்கை துளிர்த்தது. முழுப் பத்திரிகையை இப்படி ஆசை ஆசையாய்ப் படிக்கிற மனிதர் கெடுதல் எழுத மாட்டார்.

எழுதவும் இல்லை. ஆய்வறிக்கையில் பாராட்டு பொங்கி வழிந்தது. மாணவர்களின் எழுத்தறிவு வியக்கத்தக்கது. திட்டம் மாபெரும் வெற்றி. சிறு குறை ஒன்று மட்டும்: ஊரில் வெட்டாத நாளிதழ்களும் புழங்குகின்றன. பள்ளியில் வெட்டுவது காலம் கடந்த சிகிச்சை. அச்சகத்திலேயே வெட்டிவிட்டால் கத்தரிக்கோல் செலவு மிச்சம்.

எல்லாப் பள்ளிகளும் தன் பத்திரிகையையே வாங்கும் என்று அறிந்ததும், பத்திரிகை முதலாளி பொதுநலன் கருதி உடனே சம்மதித்தார்.

அன்றிலிருந்து பத்திரிகை ஓட்டை இல்லாமல் வருகிறது. முழு மந்திரி, முழு மரம். தையல் டீச்சருக்குக் கத்தரி திரும்பக் கிடைத்துவிட்டது. சலூன் பெஞ்சில் இடம் தாராளம். வாயாடி இப்போதெல்லாம் இரண்டு வரி வாசித்ததும் கொட்டாவி விடுகிறாள். ஒழுக்கம் முன்னேறியிருப்பதாகத் தலைமையாசிரியர் குறித்து வைத்திருக்கிறார். ஊரில் திருட்டில்லை, ஆலை மூடவில்லை, வெங்காயம் விலை ஏறவில்லை. அத்தனைக்கும் அச்சில் ஆதாரம் இருக்கிறது.

போன வாரம் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு செய்தி. 'தற்காலிக ஆசிரியர்கள் அனைவரும் நிரந்தரம்: ஆசிரியர்கள் ஆனந்தக் கண்ணீர்.' தலைமையாசிரியர் பத்திரிகையோடு வகுப்புக்கே ஓடிவந்து கைகுலுக்கினார். அன்றைய பாடமாக அதையே சொல்வதெழுதுதலாகக் கொடுக்கச் சொன்னார்.

"டீச்சர்" என்றாள் வாயாடி, பேனா மூடியைக் கடித்தபடி. "நீங்க எப்ப அழுதீங்க?"

டீச்சர் பத்திரிகையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை.

"எழுதும்மா" என்றார். "பிழையில்லாம எழுது."

குடிமையியல் டீச்சர் இன்றைக்கும் தற்காலிகம்தான்.