கவிஞர் வீட்டில் ஒரு அசெம்பிளி பாயிண்ட்

என் கையெழுத்தைப் பார்த்து, "பேனா வழுக்குதாப்பா?" என்று என் மகள் கேட்பாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ர வரும் இடத்தில் ற வந்திருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். கூச்சப்படுகிறவனை நாலு பேர் முன்னால் பேசச் சொல்லாதீர்கள். அவன் பேசாமல் நின்றுவிடுவான் என்பதல்ல பயம். பேசிவிடுவான், அதுதான் ஆபத்து.

அரபு நாட்டில், ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் எட்டு வருடம் வெயிலில் வெந்தவனைக் கம்பெனி ஒரு நாள் கடலோர ஊரான புஜைராவுக்கு அனுப்பியது. அங்கே காலமான ஒரு அரபுக் கவிஞர் சிறுவனாக வளர்ந்த வீட்டை அப்படியே பாதுகாத்து வைத்திருந்தார்கள். கூட்டுவது, கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது, இவ்வளவுதான் டூட்டி. அறைக்கு அறை ஏசி. (முதல் வாரம் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன், வெளியே போக மனமில்லாமல்.)

வீட்டைக் கவனித்த மைமூனா மேடத்துக்கு ஒரு ஆசை. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்ப்பதுபோல, கேம்ப்பில் இருக்கும் தொழிலாளர்களும் வந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் தமிழ் ஆள் ஒருவன் வேண்டும் என்று என்னைக் கேட்டு வாங்கியிருந்தார். ஆனால் வீடு கவிஞரின் அண்ணனுக்குச் சொந்தம். சிரிக்காத பெரியவர். "ஒரு தடவை பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் கலாஸ்" என்று சொல்லிவிட்டார். கலாஸ், அதாவது எல்லாம் முடிந்தது என்றால், எனக்கு மறுபடி ருவைஸ்.

தொழிலாளர்கள் வருவதற்கு முதல் நாள் மேடம் இந்தியில் சொன்னார்: "தும் போலோ. பாஞ்ச் மினிட்." (கவிஞரைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் நான் பேச வேண்டுமாம்.)

ரூமுக்குப் போய், கூடத் தங்கியிருந்த சுப்பையா அண்ணனிடம் புலம்பினேன்.

"நாலு பேரப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிரும்ணே."

"நம்ம ஆளுகதானடா. அங்க ஏசி உண்டா?"

"உண்டுண்ணே."

"அப்ப நைட் டூட்டி முடிச்சு நேரா வந்துர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை. படிய வாரிய தலையோடு நாற்பது பேர் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் நாற்காலியில். நான் எழுந்தேன். மனப்பாடம் செய்த பத்து வரியில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. ஒருவன் நிற்க நாற்பது பேர் உட்கார்ந்து பார்க்கும் காட்சியை நான் ஒரே இடத்தில்தான் கண்டிருக்கிறேன். சைட்டில் தினமும் வேலைக்கு முன் சேஃப்டி ஆபீசர் நடத்தும் டூல்பாக்ஸ் மீட்டிங். வாய் தானாகத் திறந்தது.

"எல்லாருக்கும் காலை வணக்கம். இன்னைக்கு நாம போகப்போற எடம் கவிஞர் வீடு."

நாற்பது முதுகும் நிமிர்ந்தன.

"வாசல் உசரம் கம்மி, தலை பத்திரம். தீப்பிடிச்சு பெல் அடிச்சா யாரும் ஓடக்கூடாது. வரிசையா நடந்து அசெம்பிளி பாயிண்டுக்குப் போயிரணும். அசெம்பிளி பாயிண்ட்..." சுற்றிலும் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பேரீச்ச மரம். கையைக் காட்டினேன். "டவுட் இருக்கா?"

"இல்லே!" என்று நாற்பது குரல்.

தமிழ் தெரியாத மேடம் நெஞ்சில் கை வைத்து, "மாஷா அல்லா" என்றார். கவிதைக்கு இத்தனை வரவேற்பா என்று நினைத்திருப்பார். கவிஞரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் மேடமே அறை அறையாகக் கூட்டிப்போனார். கடைசியாகத் தாழ்வாரத்தில் தொங்கிய வெண்கல மணி. கவிஞரின் அப்பா படகில் இருந்தது. அதைப் பற்றித்தான் கவிஞர் முதல் கவிதை எழுதினாராம். அந்த ஓசையை எல்லோரும் கேட்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

டங்!

அத்தனை பேரும் திரும்பினார்கள். ஓட்டமில்லை, பேச்சில்லை. தலை குனிந்து வாசலைத் தாண்டி வரிசையாக வெளியேறினார்கள். முதல் ஆள் நான்தான். மேடம் கண்ணைத் திறந்தபோது பெரியவர் மட்டும் இருந்தாராம். மணியடித்தால் திரும்பி வருவோம் என்று நினைத்து மேடம் மறுபடி அடித்தார். நாங்கள் நிஜமாகவே தீப்பிடித்துவிட்டது என்று முடிவு செய்தோம்.

மரத்தடியில் தலை எண்ணினேன். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது.

"சுப்பையாவக் காணோம்டா!" என்று ஒருவர் கத்தினார்.

ஓடினேன். வாசலில் தலையை இடித்துக்கொண்டேன். (பத்திரம் என்று சொன்னவனே நான்தான்.) உள் அறையில் கயிறு கட்டித் தடுத்து வைத்திருந்த, கவிஞர் சிறுவனாகப் படுத்த கட்டில். அதில் சுப்பையா அண்ணன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கீழே அவருடைய ஷூக்கள், மரியாதையாகக் கழற்றி வைக்கப்பட்டு.

பின்னால் தடியூன்றிப் பெரியவர், வெளிறிப்போன மேடம். எனக்கு ருவைஸ் கந்தக வாடை மூக்கிலேயே அடித்தது.

"அண்ணே, எந்திரிங்கண்ணே! பெல் அடிச்சாச்சு!"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அடிக்கட்டும்டா. பொறவு வாரேன்."

என்ன சொல்கிறான் என்று பெரியவர் கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. இந்தியில் சொன்னேன். மேடம் அதை அரபியில் முணுமுணுத்தார்.

பெரியவர் தடியைச் சுவரில் சாய்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தினமும் விடியலில் பிள்ளைகளைப் படகுக்கு அழைக்க அப்பா அந்த மணியைத்தான் அடிப்பாராம். தம்பி அந்தக் கட்டிலில் புரண்டு படுத்தபடி இதையேதான் சொல்வானாம்.

"எல்லாரும் இந்த மணியை நின்றுகொண்டு கேட்டுவிட்டுப் போகிறார்கள். என் தம்பி மாதிரி படுத்துக் கேட்டவன் இவன் ஒருவன்தான்" என்றார் அவர். மேடம் அதை எனக்குச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கேம்ப் பஸ் வந்தது. நானும் ஊர் திரும்பும் வரை அந்த வீட்டிலேயே இருந்தேன். பேசும் வேலையை மட்டும் மேடம் மறுபடி தரவில்லை.

வீட்டில் இந்தக் கதை இன்னும் ஓயவில்லை. போன வாரம் என் தங்கை மகன் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்திப் பேசச் சொல்லி என்னிடம் மைக்கை நீட்டினார்கள். என் மனைவி குறுக்கே பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இவருகிட்டக் குடுக்காதீக. பந்தி போடுறதுக்குள்ள மண்டபத்தக் காலி பண்ணிருவாரு!"

எழுதி முடித்தது: தை மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை.