மூன்றாம் பரிசு பெற்ற முகம்

தருமபுரி மாவட்டத்தில் அழகு என்ற ஒன்று இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான். 1973ஆம் ஆண்டு, மே மாதம். அதற்கு முன்பும் இங்கே மலை இருந்தது, ஏரி இருந்தது, மாலை நேரமும் தினந்தோறும் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. பார்ப்பதற்குத் தகுதியுள்ள ஆள்தான் இல்லை. பி.ஏ. இரண்டாம் ஆண்டு முடித்து, பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நான் விடுமுறைக்கு வந்து இறங்கியதும் அந்தக் குறை தீர்ந்தது.

என்னிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று, கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்த 'அழகியல்' பற்றிய தடித்த புத்தகம். மற்றொன்று, விடுதித் தோழன் சென்னப்பனிடம் இரவல் வாங்கிய பெட்டிக் கேமரா. புத்தகத்தை எந்நேரமும் கக்கத்தில் வைத்திருந்தேன். ஒரு நூலின் பயனில் பாதிக்கு மேல், அதை நாம் வைத்திருப்பதைப் பிறர் பார்ப்பதிலேயே வந்துவிடுகிறது. முன்னுரையின் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை ராஜமேரி எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். பள்ளியில் முதல் மார்க். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, முத்து முத்தான எழுத்தில் நிரப்பி வைத்திருந்தாள். ஜூன் இருபத்தைந்துக்குள் கொடுக்க வேண்டும். அப்பா கஸ்பார் தம் பங்குக்கு ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார். இந்த வருடம் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தை மாதம் மாமன் மகன் ஸ்தனிஸ்லாஸுடன் கல்யாணம். மேல்முறையீடு கிடையாது.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. புகைப்படம். அரூர் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துவரலாம் என்று அப்பா சொன்னார். நான் சிரித்தேன். ஏரியும் இரண்டு அன்னங்களும் வரைந்த திரைக்கு முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தி, தாடையைத் தூக்கச் சொல்லி எடுப்பது 'வியாபாரம்' என்பதை அரை மணி நேரம் விளக்கினேன். வீட்டிலேயே ஒரு கலைஞன் இருக்கும்போது அரூருக்குப் போவது குடும்பத்துக்கே இழுக்கு என்றும் சொன்னேன். அப்பாவுக்கு முதல் பாதி புரியவில்லை. அதனால் சம்மதித்துவிட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலைப்பொழுதில் ராஜமேரியைக் கிணற்றடிப் புங்க மரத்தின் கீழ் உட்கார்த்தினேன். வெறும் முகத்தை எடுப்பதில் என்ன கலை இருக்கிறது? கையில் என் அழகியல் புத்தகத்தைக் கொடுத்து, படிப்பதுபோல நடிக்கச் சொன்னேன்.

"அண்ணா, மொகம் நல்லா தெரியணும்னு ஃபாரத்துல போட்டிருக்குதுங்க" என்றாள்.

மனிதனிடம் மிகச் சாதாரணமான பகுதி முகம்தான் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பிறகு வெளிச்சத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வெளிச்சம் வந்தது, மேகம் வந்தது, எங்கள் எருமையும் வந்தது. நான் பொத்தானை அழுத்தியது அவள் காதில் விழவில்லை. நடிப்பில் அவ்வளவு தத்ரூபம்.

அந்தச் சுருளில் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். ஒன்றோடு கழற்றிக் கழுவக் கொடுத்தால் மீதி பதினொன்றும் வீண். ஆகவே பதினொரு அழகுகளைத் தேடிப் புறப்பட்டேன். அழகு அரசாங்க பஸ் மாதிரி, நாம் காத்திருக்கும் இடத்தில் நிற்பதில்லை. தீர்த்தமலைக்குப் போனேன். மலை முழுதாகக் கேமராவுக்குள் வராததால் ஒரு குரங்கின் வாலை எடுத்தேன். பட்டமரம் ஒன்று. மேகம் ஐந்து, ஐந்தும் ஒரே மேகம். என் கட்டைவிரல் இரண்டு, அவை தற்செயல். கோயில் மணிக்கூண்டின் நிழல் ஒன்று. கடைசிப் படத்துக்காக ஒரு மீன்கொத்தியை நான்கு நாள் பின்தொடர்ந்தேன். சாயங்காலம் வீடு திரும்பும்போதெல்லாம் ராஜமேரி வாசலில் நின்று, இன்றைக்காவது முடிந்ததா என்று கேட்பாள். அழகை அவசரப்படுத்தக் கூடாது என்பேன். மீன்கொத்தி இருபதாம் தேதி ஒத்துழைத்தது. அது மூழ்கிய இடத்துத் தண்ணீர் வளையம் மட்டும் கிடைத்தது.

தருமபுரியில் கழுவக் கொடுத்து, இருபத்தைந்தாம் தேதி மதியம்தான் பிரதிகள் கைக்கு வந்தன. ராஜமேரி தானும் கூட வருகிறேன் என்று காலையில் கெஞ்சினாள். படைப்பாளி போனால் போதும் என்று சொல்லி விட்டுவிட்டு வந்திருந்தேன். நடுத்தெருவிலேயே பசை தடவி ஒட்டி, விண்ணப்பத்தை அலுவலகத்தில் பெருமையோடு நீட்டினேன்.

குமாஸ்தா பச்சியப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். படத்தில் மடி, விரல்கள், சடை நுனி எல்லாம் அற்புதமாக விழுந்திருந்தன. நெற்றியின் மேல்பகுதி கொஞ்சம் தெரிந்தது. மீதி இடம் முழுவதும் புத்தகத்தின் அட்டை.

"தம்பி, பொஸ்தகத்துக்கு சீட்டு இல்லீங்க. புள்ளைக்குத்தான்" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

அஞ்சு மணிக்குள் முகம் தெரிகிற படமாகக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். முகம் முப்பது மைலுக்கு அப்பால் வாசலில் நின்றுகொண்டிருந்தது. கடியாரத்தில் மணி மூன்றே முக்கால்.

இரவு வீட்டுக்கு வந்து சொன்னபோது ராஜமேரி அழவில்லை. அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அம்மா ராயம்மாள் மட்டும் இரண்டு நாள் எனக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் கலை தோற்பதில்லை. டிசம்பரில் எங்கள் கல்லூரிப் புகைப்படப் போட்டிக்கு அதே படத்தை 'கல்வியில் மூழ்கிய கன்னி' என்று பெயரிட்டு அனுப்பினேன். மூன்றாம் பரிசு. முகமே தெரியாத அளவுக்குப் படிப்பில் ஆழ்ந்துவிட்ட இந்தப் பெண்தான் நாளைய தமிழகம் என்று பரிசு வழங்கிய பெரியவர் மேடையில் உருகினார். யார் இந்தப் பெண் என்று கேட்டார்.

"யாரோ ஒரு கிராமத்துப் பொண்ணுங்கய்யா" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தை மாதம் கல்யாணம். அரூர் ஸ்டூடியோக்காரர் ஏரியும் அன்னமும் வரைந்த திரையோடு வீட்டுக்கே வந்து, ராஜமேரியின் தாடையைத் தூக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார். முகம் தெளிவாக விழுந்தது.

மறுநாள் வண்டி ஏறும் முன் அவள் என்னிடம் வந்தாள். மேடையில் நான் சொன்னது எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருக்குமோ என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"அண்ணா, அந்தப் பொஸ்தகம் இருக்குதுங்களா? நீங்க வெளிச்சம் பாத்துட்டிருந்தப்போ இருவத்தெட்டுப் பக்கம் படிச்சேன். மீதியையும் படிச்சர்லாம்னு."

அதை நான் எப்போதோ நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தேன், மூன்றாம் பக்கத்தில் வைத்த அடையாளத்தோடு.

என் வாழ்நாளில் உண்மையை அப்படியே பிடித்த படம் அது ஒன்றுதான். அவள் நடிக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசியாகப் படித்தது அன்றைக்குத்தான்.