யாருமற்ற கரை, நாற்பது நிமிடம்

தீவுகளைக் காப்பாற்றும் பொறுப்பைக் கடல் நேரடியாக என்னிடமே ஒப்படைத்திருந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதினேன். கலை அறக்கட்டளையும் நம்பி, கேமராவோடு என்னைப் படகேற்றிவிட்டது.

படைப்பின் பெயர் 'யாருமற்ற கரை'. நாற்பது நிமிட வீடியோ, ஒரே காட்சி. கேமரா அசையாது, ரசிகரும் அசையக்கூடாது. அந்தக் கரையில் சொகுசு விடுதி கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்த சமயம் அது. 'நிலம் யாருடையது?' என்று மனித இனத்தைக் கேட்பதே என் நோக்கம். மனித இனத்தில் எட்டுக் குடும்பங்கள் அங்கே படகு நிறுத்தி, வலை காயப்போட்டுக்கொண்டிருந்தது மட்டும்தான் இடைஞ்சல்.

எனக்குப் பாயும் சோறும் கொடுத்தவர் வலை பின்னும் அக்கா. அவரிடமே கேட்டேன்.

"அக்கா, அந்த வலையெல்லாம் கொஞ்சம் எடுத்துட முடியுமா?"

"எதுக்கு தம்பி?"

"உங்க கஷ்டத்த உலகத்துக்குக் காட்டணும்க்கா. வலை மறைக்குது."

வலை போனது, துணிக்கொடி போனது. படகுகளை மேட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு எட்டுக் குடும்பமும் கேமராவுக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்தது. பதினோராவது நிமிடத்தில் அக்கா, "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி? வேலை கெடக்கு" என்று கேட்டது பதிவாகிவிட்டது. அந்தக் 'கோளாறை' வெட்டியெறிந்து அலையோசையை ஒட்டினேன்.

விருது கிடைத்தது. ஒரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூங்கி எழுந்தவர் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

ஆனால் என் படத்தை முதன்முதலாக முழுசாகப் பார்த்தவர் நில விசாரணை அதிகாரிதான். அந்தக் கரையை மக்கள் தினமும் புழங்குகிறார்களா என்பது வழக்கு; புழங்கினால் விடுதிக்கு அனுமதி கிடையாது. படத்தைப் போட்டுக் காட்டியவர் கம்பெனி வக்கீல்.

"பட்டப்பகல் சார். நாப்பது நிமிஷம். ஒரு படகு இல்ல, ஒரு வலை இல்ல, ஒரு ஆளு இல்ல. எடுத்தவரும் எங்க ஆளு இல்ல, அவங்க ஆளு!"

அக்கா எழுந்தார். "நீங்கதானே தம்பி எங்கள நகரச் சொன்னீங்க? சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வக்கீல் என் கண்காட்சிக் கையேட்டை நீட்டினார். 'எதையும் மாற்றாமல், உள்ளது உள்ளபடி' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் விருதைத் திருப்பித் தர வேண்டும்.

"இது உண்மையா?" என்றார் அதிகாரி.

"படத்துல இருக்கறது அத்தனையும் உண்மைங்க" என்றேன். படத்தில் இல்லாததைப் பற்றி அவர் கேட்கவில்லை.

இடத்துக்குத் திரும்பினேன். அக்கா பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அப்போது பட்ட வெட்கத்துக்கு எந்த அறக்கட்டளையிடம் விண்ணப்பிப்பது என்று தெரியவில்லை.

விடுதி திறந்தாயிற்று. வரவேற்பறையில் என் படம்தான் ஓடுகிறது. இரண்டாம் பாகம் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். இந்த முறை யாரையும் நகரச் சொல்ல வேண்டாம். அந்த வேலையை நான் முதல் பாகத்திலேயே முடித்துவிட்டேன்.