மில்லுக்கு ஒரு அறிவித்தல் அடிச்ச கதை

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டு. நிந்தவூர்ல மாமாவுட அரிசி மில் கதவுல ஒட்ட ஒரு அறிவித்தல் அடிக்கணும். இங்கிலீஷ்ல 'மில் குளோஸ்ட்'. ரெண்டே சொல்லு!

மாமா எண்டா இன்னும் ஆகாத மாமா. அவர்ர மகளுக்கு என்னைப் பேசியிருந்தாங்க, அவர் இன்னும் 'ஓம்' சொல்லல்ல. எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்குக் குடி போறது. அப்ப வாறவனை நல்லாப் பார்த்துத்தானே எடுப்பாங்க?

சவூதியில இருக்கிற மகன் அனுப்பின கொம்பியூட்டர் அவர்ர வீட்டுல இருந்திச்சு. வந்தபடி விட்டிருந்தா அது கண் மூடித் திறக்க முன்ன அடிச்சுத் தந்திருக்கும்.

நான் விடுவனா? கொழும்புல படிச்ச திமிர்! அதுட ஒப்பரேட்டிங் சிஸ்டத்தையே தூக்கிப் போட்டுட்டு, ஃபங்ஷனல் மொழி எண்டு ஒரு கொம்பியூட்டர் மொழியில புதுசா எழுதி வச்சிருந்தன்.

"பழசுல என்ன பிழை தம்பி?" எண்டு மாமா கேட்டார்.

"அது எழுதினதை அழிச்சு அழிச்சு எழுதுது மாமா. இந்த மொழியில எழுதினா எழுதினதுதான். மாத்தினா புதுசா ஒண்டு உண்டாகும். பழசும் பத்திரமா இரிக்கும்!"

"மாஷா அல்லாஹ்!"

எனக்குக் கால் நிலத்துல படல்ல. ரெண்டு சொல்லையும் தட்டிட்டு, அடிக்கச் சொன்னன்.

பிரிண்டர் கர்ர்ர் எண்டிச்சு. முதல் தாள்ல 'எம்'. அடுத்த தாள்ல 'எம் ஐ'. அதுக்கடுத்தது 'எம் ஐ எல்'.

யா அல்லாஹ்! தட்டின ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புது அறிவித்தல் உண்டாகி, எல்லாம் பத்திரமா இருந்திருக்கு! இடையில பிழையாத் தட்டி அழிச்சதுகளும் தனித்தனித் தாளா வந்திச்சு.

"நிப்பாட்டுங்க தம்பி!"

"நிப்பாட்டுறதை இன்னும் எழுதல்ல மாமா!"

ஒண்டோட ஒண்டு ஒட்டின தாள், சங்கிலியா வாசலைத் தாண்டிச்சு. கடல் காத்து அதை றோட்டுக்கு இழுத்திச்சு. நெல் மூட்டையோட வந்த ஒருத்தர் 'மில் குளோ' எண்டு நிண்ட ஒரு துண்டைத் தூக்கி மாமாக்குக் காட்டி, "ஹாஜியார், மில் மூடியா, பாதி மூடியா?" எண்டார்.

"கடைசித் தாள் சரியா வரும் மாமா, கொஞ்சம் இரிங்க!" எண்டு கெஞ்சினன். கடைசித் தாள் வர முன்ன தாள் கட்டே முடிஞ்சிட்டு.

கதவுச்சீலைக்குப் பின்னால ஒரு சிரிப்பு. அவதான்! அது வரைக்கும் அவட குரலையே நான் கேட்டதில்ல. வெக்கத்துல செத்தன், சந்தோஷத்துல பறந்தன். எனக்கும் சிரிப்பு வந்திட்டு.

மாமா கதவுச்சீலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி மருமகன், கலியாணக் கார்டை மட்டும் அச்சுக்கூடத்துல குடுப்பம்."