ஆள் கனம்

சல்மான் ஃபாரிஸ் மூன்றாவது இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் கூட்டாளி மகாராஜா அதைத் தட்டிவிட்டான்.

"ஏலே, வைலே கீழ! இத நீயா சுமக்கப் போற? நம்ம வண்டில்லா சுமக்கணும்!"

சட்னி வழியும் விரல்களோடு ஃபாரிஸ் அப்படியே உட்கார்ந்திருந்தான். பேட்டையில் அவர்கள் இருவரும் கூட்டாக நடத்தும் பட்டறை அது. டிராக்டரும் டில்லரும் பழுது பார்ப்பது பிழைப்புக்கு. நடுவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அந்த நாலு சக்கர பந்தய வண்டி மனசுக்கு. பைக் மாதிரி கால்போட்டு உட்கார வேண்டும். ஆனால் நான்கு பக்கமும் தடித்தடியாகச் சக்கரம். மணல், மேடு, பள்ளம் எதுவானாலும் ஏறிப் போகும்.

கொற்கை தாண்டிச் செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரியில் வருடா வருடம் அந்த வண்டிகளுக்குப் பந்தயம் நடக்கிறது. போன வருடம் ஃபாரிஸ் கடைசியாக வந்தான். டயர் சரியில்லை என்றார்கள், கண்ணேறு என்றார்கள். மகாராஜாதான் செல்போனில் வெளிநாட்டுப் பந்தயங்களாகப் பார்த்துத் தள்ளி, உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தான்.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல. மொத்தக் கனத்துல மூணுல ஒரு பங்கு நீதாம்லே. தொண்ணூத்தாறு கிலோ! அவனுவ புறப்பட்டா அம்பு மாதிரி போறானுவ. நீ நெல்லு மூடை ஏத்துன மாதிரி போற."

மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஃபாரிஸின் மாமனார் சிராஜுதீன் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"மாப்ள, மொதப் பரிசு கேக்கல. ரெண்டாவதோ மூணாவதோ, என்னத்தையாவது ஒண்ண வாங்கிட்டு வாங்க. வண்டியப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். இந்த வருசமும் வெறுங்கையோட வந்தீங்கன்னா அத வித்துட்டு மஸ்கட்டுக்குப் பொறப்படுங்க. விசாவுக்குச் சொல்லி வச்சாச்சு."

மஸ்கட்டில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவன் ஃபாரிஸ். வந்த அன்று, மகள் ஃபர்ஹத், அவன் மனைவி ருக்சானாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, 'போன்ல வார வாப்பாவுக்குக் காலெல்லாம் இருக்குமா உம்மா?' என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்க அவனுக்குத் தெம்பு இல்லை. இட்லிதானே, போகட்டும் என்று எழுந்து கை கழுவினான்.

நோன்பு வந்தது. ஒரு மாதம் பட்டினி, தானாக இளைத்துவிடும் என்று நம்பினான். பகலெல்லாம் எச்சில்கூட விழுங்கவில்லை. சாயங்காலம் மஃரிபு பாங்கு சொன்னதும் கஞ்சி, சம்சா, வடை, விடியுமுன் சஹருக்குக் கறிச்சோறு. பெருநாள் கழித்து எடை போட்டால் இரண்டு கிலோ கூடியிருந்தது.

அதற்குப் பிறகுதான் கொள்ளுக்கஞ்சிக் காலம் ஆரம்பித்தது.

"மச்சான், இத மனுசன் குடிப்பாங்களா? குதிரைக்குல்லா வைப்பாங்க" என்றாள் ருக்சானா.

"ஓடுறதுக்குத்தான் புள்ள குதிரைக்கு வைக்காங்க. கலக்கு."

விடியும் முன்பே எழுந்து குறுக்குத்துறை ஆற்றங்கரையில் நடந்தான். மத்தியானம் வெள்ளரிக்காய். ராத்திரி, கேழ்வரகு என்று ஒன்றைச் சொல்லி ஒரு கரண்டி. மகளின் தட்டில் மிஞ்சிய பொரித்த மீனை அவன் பார்த்த பார்வையில் பிள்ளை பயந்துபோய் முள்ளையும் சேர்த்து ஒளித்து வைத்தாள். வீட்டில் பிரியாணி நின்றது. விருந்தாளிகள் வருவதும் நின்றது. பழைய சட்டைகள் அவன்மேல் கொடியில் காய்வது போலத் தொங்கின. எண்பத்தொரு கிலோவுக்கு வந்த அன்று மகாராஜா அவனைக் கட்டிப்பிடித்தான். பழைய சுற்றளவில் பாதியிலேயே பிடி முடிந்துவிட்டதில் அவனுக்கே கண் கலங்கியது.

பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். நேர்ப்பாதையில் பறந்தது. ஃபாரிஸ் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வேகத்தைக் கண்டதில்லை. முதல் வளைவில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. வண்டி அவனை உடைமரப் புதருக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

குறடால் முள் பிடுங்கிக்கொண்டே மகாராஜா யோசித்தான்.

"இப்பந்தாம்லே வெளங்குது. முந்தி நீ வளைவுல உள்பக்கமா சாஞ்சா, அந்தக் கனத்துக்கே சக்கரம் தரைய விடாது. இப்ப நீ சாஞ்சது வண்டிக்குத் தெரியவே இல்ல."

"அப்ப கனம் வேணுங்கியா?"

"வளைவுல வேணும். நேர்ப்பாதையில வேண்டாம்."

"அதுக்கு வளைவுக்கு வளைவு எவனையாவது ஏத்தி எறக்கவா முடியும்? ஆ... பைய புடுங்குலே!"

கோளாறு அதோடு நிற்கவில்லை. ஸ்பிரிங்குகள் எல்லாம் தொண்ணூற்றாறு கிலோ ஆளுக்காக முறுக்கி வைத்தவை. இப்போது ஒவ்வொரு மேட்டிலும் வண்டி அவனைத் தோசையைத் திருப்புவது போல மேலே தூக்கிப் போட்டது. மகாராஜா ஸ்பிரிங்கைத் தளர்த்தினான். பள்ளத்தில் வண்டியின் அடிவயிறு தரையில் மோதி, ஃபாரிஸின் பல் நாக்கில் இறங்கியது. கொஞ்சம் இறுக்கினான், இடுப்புப் பிடித்தது.

பிறகு மணல் மூட்டை கட்டினார்கள். பின்னால் கட்டினால் மேடேறும்போது முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. முன்னால் கட்டினால் இறக்கத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நடுவில் கட்ட இடமில்லை. அங்கே ஃபாரிஸ் இருந்தான்.

"மூடை சரிப்படாதுலே" என்றான் மகாராஜா, பட்டறை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்து. "அது கெடந்த எடத்துலயே கெடக்கும். எந்திரிக்காது, சாயாது. கனம் அசையணும். மூடைக் கனம் வேற, ஆள் கனம் வேற. பந்தயத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. நீ தின்னு."

"என்னது?"

"தின்னுலே. ஒரு அஞ்சு கிலோ ஏத்து. நடுவாந்திரமா நிப்போம்."

ஃபாரிஸுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே முட்டைப் புரோட்டா தின்றான். மறுநாள் காலை அரைக் கிலோ அல்வா, மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் மறுபடியும் புரோட்டா. மாதக்கணக்கில் கொள்ளுக்கஞ்சிக்குப் பழகிய வயிறு ஒரு நாள் பொறுத்தது. இரண்டாம் நாள் எல்லாவற்றையும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏறும்போது எடை பார்த்தார்கள். எழுபத்தெட்டு.

ருக்சானா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"தின்னாம ஒரு பாடு, தின்னு ஒரு பாடு. போதும் மச்சான். நீங்க மஸ்கட்டுக்கே போயிருங்க. அங்கன உசுரோடயாவது இருப்பீங்க."

பந்தயத்தன்று காலையில் ஃபர்ஹத் வாசல்வரை வந்தாள்.

"தோத்துட்டீங்கன்னா மறுபடியும் போனுக்குள்ள போயிருவீங்களா வாப்பா?"

அவன் மினி லாரியில் ஏறிக்கொண்டான்.

தேரியில் வெயில் கொளுத்தியது. மதுரை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பிரியதர்ஷினி என்ற கல்லூரிப் பெண் ஒவ்வொரு ஓட்டுநரையும் எடைமேடையில் ஏற்றி, எடையை வண்டி எண்ணுக்கு நேரே குறித்துக்கொண்டாள். காயல்பட்டினத்து நூகு ஏறியபோது எடைமேடை கிறீச்சிட்டது. அவர் வண்டியில் உட்கார்ந்தால் வண்டி இருப்பதே தெரியாது. இந்த ஆளையாவது முந்தாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஃபாரிஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

கொடி இறங்கியதும் முன்னால் பாய்ந்தவன் அவன்தான். கரையில் நின்ற மகாராஜா துண்டைச் சுழற்றிக் கத்தினான். அந்தச் சந்தோஷம் முதல் வளைவு வரைக்கும். அங்கே வண்டி சாய, பயந்துபோய் வேகத்தைக் குறைத்தான். ஐந்து பேர் கடந்து போனார்கள். மேட்டில் தூக்கிப் போட்டதில் பிடி நழுவியது. இன்னும் நான்கு பேர். கையில் வலு இல்லை. கண்ணில் பூச்சி பறந்தது. கடைசிச் சுற்றில் ஒரு தடவை, தான் எதற்காக ஓட்டுகிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

கடைசிக்கு முந்தினவனாக வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னால் வந்தது நூகு ஒருவர்தான். அவரோ கல்யாண ஊர்வலத்தில் வருகிறவர் போல இரண்டு பக்கமும் கையசைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"போன வருசத்துக்கு ஒரு எடம் ஏறியிருக்கோம்லே" என்றான் மகாராஜா. சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஃபாரிஸ் மணலில் உட்கார்ந்து மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, ஒண்ணும் கெடைக்கல. விசாவுக்குப் பணத்தக் கட்டிருங்க. வண்டிக்கும் ஆள் பாருங்க."

"வண்டிக்கு ஆள் கையில இருக்கு மாப்ள. இப்பமே முடிச்சிருதேன்" என்று வைத்துவிட்டார்.

உடனே கிளம்பிவிடலாம் என்றான் ஃபாரிஸ். சாப்பாட்டுப் பொட்டலம் தருகிறார்களாம், வாங்காமல் வரமாட்டேன் என்று மகாராஜா பிடிவாதமாக நின்றான். இருந்தார்கள். மேடையில் முதல் பரிசு, இரண்டு, மூன்று என்று கொடுத்தார்கள். ஃபாரிஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் மைக்கில் அந்தப் பெயர் வந்தது.

"காயல்பட்டினம் நூகு!"

நூகு மேடையேறினார். பலகைகள் வளைந்தன. முழங்கால் உயரத்துக்கு ஒரு பித்தளைக் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்கள். வெடி வெடித்தது.

ஃபாரிஸ் எழுந்து, தள்ளாடியபடி பிரியதர்ஷினியின் மேசைக்குப் போனான்.

"ஏம்மா தங்கச்சி, அவரு கடைசில்லா வந்தாரு? அவருக்கு என்னத்துக்குக் கோப்பை?"

"அது தொண்ணூறு கிலோவுக்கு மேல உள்ளவங்களுக்குத் தனிப் பரிசுண்ணே. போன வருசந்தான் ஆரம்பிச்சோம், நோட்டீஸ்ல போடல. கனமா உள்ளவங்க யாரும் வாரதில்ல, இந்தத் தடவ அவர் ஒருத்தர்தான்" என்றவள், அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நீங்க பேட்டை ஃபாரிஸ் அண்ணன்தானே? பாதியா எளைச்சதுல அடையாளமே தெரியல! போன வருசம் மைக்ல எத்தன தடவ கூப்பிட்டோம், அதுக்குள்ள நீங்க கெளம்பிப் போய்ட்டீங்க. அன்னைக்கு நீங்க வாங்காம விட்ட கோப்பைதான்ணே இது, தொடச்சு அவருக்குக் குடுத்திருக்கோம்."